பச்சையும் சந்தனமும் காயும்வரை

ஈரத்தில் ஒரு கலர், காய்ந்தால் ஒரு கலர், காயாமல் முடிவு பண்ணிவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டு இசக்கிமுத்து சாப்பிடப் போய்விட்டான், நான் காய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னலுக்கு இடதுபக்கம் ஒரு சுளகு அகலத்துக்குப் பிஸ்தாப் பச்சை, வலதுபக்கம் அதே அகலத்துக்குச் சந்தனம், நடுவில் ஜன்னல், அதற்கு அந்தப்பக்கம் அடுத்த வீட்டு மாடியில் காயப்போட்டிருக்கிற பள்ளிக்கூடச் சட்டைகள். அறையில் வேறு ஒன்றும் இல்லை. கட்டிலையும் பீரோவையும் நேற்றே முன்னறைக்கு இழுத்துப் போட்டாயிற்று. உட்கார ஒன்றும் இல்லையே என்று அவன்தான் காலி பிரைமர் வாளியைக் கவிழ்த்து, மேலே பழைய செய்தித்தாளை விரித்து, "உக்காருங்கக்கா, ராணி மாதிரி" என்றான். "நாலு மணிக்கு வாரேன், அதுக்குள்ள ரெண்டுல ஒண்ணைச் சொல்லிருங்க. அஞ்சு மணிக்குள்ள கடையில சொன்னாத்தான் கலந்து வைப்பான். நாளைக்கு ஒரு கோட்டு, வியாழன் ஒரு கோட்டு, வெள்ளிக்கிழமை பூரா ஃபேனைப் போட்டு விட்டீயன்னா, சனிக்கிழமை காலையில பாப்பா வந்து பையை வச்சிரலாம்." முப்பத்து மூன்று வயதுப் பிள்ளையைப் பாப்பா என்கிறான். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் கல்யாணத்துக்கு இந்த அறைக்கு ரோஸ் அடித்ததும் அவன்தான், அந்த ரோஸை இன்றைக்குத் தகடு வைத்துச் சுரண்டினதும் அவன்தான். பாப்பா லீவுக்கு வருதாக்கா என்று கேட்டான். ஆமாப்பா என்றேன். சொல்லி வாய் மூடுவதற்குள் பொய் என்று தெரிந்தது, ஆனால் அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எந்த வார்த்தையை வைப்பது என்று தெரியவில்லை. புருஷனை விட்டுவிட்டு வருகிறாள் என்பது என் மகள் ஜெசிந்தா என்னிடம் சொன்ன வார்த்தை இல்லை. என் மகன் ஜூடு சொன்ன வார்த்தை. அவன் அக்காவும் சென்னையில்தான் இருக்கிறாள், அவனும் சென்னையில்தான் இருக்கிறான், இப்போது எனக்கும் அவளுக்கும் நடுவில் அவன்தான் பேசுகிறான். "அம்மா, ஜெசியக்கா ஒரு மாசமா லேடீஸ் ஹாஸ்டல்ல இருக்கா. நான் பேசிச் சரிக்கட்டி அங்க அனுப்புதேன். வந்தா ஒண்ணும் கேக்காத. ஜெபம் பண்ணு அது இதுன்னு ஆரம்பிக்காத. ரூமை மட்டும் ரெடி பண்ணி வை." ஜெபம் பண்ணு அது இது. என் பிள்ளை என் ஜெபத்தை அது இது என்றான், நான் சரிப்பா என்றேன்.

பச்சை மேலோரம் வெளுக்க ஆரம்பித்திருக்கிறது. சந்தனம் இன்னும் அப்படியே ஈரமாக, அரைத்துப் பூசின மாதிரி இருக்கிறது. காலையில் கடைக்குப் போவதற்கு முன்னால் நானேதான் அவளுக்குப் போன் போட்டேன், என்ன கலர் அடிக்கட்டும் என்று கேட்கலாமே, அது ஒன்றும் கேட்கக்கூடாத கேள்வி இல்லையே, ஜூடு கோபிக்க மாட்டானே என்று. எடுத்ததும் "என்னம்மா" என்றாள். பின்னால் தண்ணீர் விழுகிற சத்தம், யாரோ பெண்கள் பேசுகிற சத்தம். ரூமுக்குப் பெயின்ட் அடிக்கப்போறோம்ட்டி, பச்சை அடிக்கட்டுமா, சந்தனம் அடிக்கட்டுமா, பச்சைன்னா வெயிலுக்குக் குளிர்ச்சியா இருக்கும், சந்தனம்னா அழுக்குத் தெரியாது, என்று நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனேன், அவள் நடுவில் மூச்சுகூட விடவில்லை. நான் முடித்த பிறகு சொன்னாள், "எதுனாலும் சரிம்மா." அவ்வளவுதான். நல்லது ராசாத்தி என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு அடுப்படியில் அரிசி களைந்தேன், தண்ணீர் வடித்தேன், மறுபடி தண்ணீர் விட்டேன், எத்தனை தண்ணீர் என்று தெரியவில்லை, எதுனாலும் சரிம்மா, எதுனாலும் சரிம்மா, எங்கேயோ சட்டை மாட்டிக்கொண்ட மாதிரி அந்த ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டு நகர முடியவில்லை. இந்தப் பிள்ளை இதை முன்னால் ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். ஒரு தடவையா. மாதாவே, அதை இப்போது நினைக்க வேண்டாம், இப்போது கலரைப் பார்க்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை, துக்க தேவ இரகசியம் சொல்ல வேண்டிய நாள். ஜெபமாலையை இடுப்பிலிருந்து எடுத்துச் சிலுவையை முத்திசெய்து ஆரம்பித்தேன். பூங்காவனத்தில் ஆண்டவர் இரத்தவேர்வை வேர்த்தது முதலாவது. சின்ன மணிகளை உருட்டிக்கொண்டே என் பிள்ளைக்குப் பிடித்த கலர் எது என்று தேடுகிறேன். பெற்று வளர்த்த அம்மாவுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா. அவள் எந்தக் கன்னத்தில் தலையணை வைத்துத் தூங்குவாள் என்று தெரியும். மீனில் வாலை ஒதுக்குவாள், தோசையில் கருகின ஓரத்தை முதலில் தின்பாள், தெரியும். கலர் தெரியவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஒரே துணியாக எடுத்து ஜூடுக்குச் சட்டையும் இவளுக்குக் கவுனும் தைப்போம், கோவிலில் இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்தினால் திரைச்சீலை கிழிந்து இரண்டாகி நிற்கிற மாதிரி இருக்கும், துணி எடுக்கிறது நான். முதல்முதலாக நற்கருணை எடுத்துப் புதுநன்மை வாங்கினபோது வெள்ளை, அது எல்லாருக்கும் வெள்ளை. பள்ளிக்கூடத்தில் நீலம், எல்லாருக்கும் நீலம். கல்யாணப் பட்டு மாப்பிள்ளை வீட்டார் எடுத்தது. அவளாக, தானாக, ஒரு கடையில் போய் நின்று இது என்று விரல் நீட்டி வாங்கினது என்ன, அருள் நிறைந்த மரியே, என்ன வாங்கினாள், குடை. குடை ஒன்று வாங்கினாள். பல் டாக்டர் கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், சாயங்காலம் மழைக்கு முன்னால் வீட்டுக்குள் வந்து, பையிலிருந்து எடுத்து விரித்துக் காட்டினாள். சாம்பல் கலர். பூ இல்லை, கரை இல்லை, வெறும் சாம்பல். முகம் அப்படி இருந்தது, எதையோ கண்டுபிடித்து வந்த மாதிரி. நான் என்ன சொன்னேன். "இதென்னட்டி, மழைமேகத்தையே பிடிச்சுட்டு மழையில போவியா? கல்யாணத்துக்கு நிக்கிற பிள்ள கையில சாம்பலு நல்லாவா இருக்கு? மாத்திட்டு வா." சிரித்துக்கொண்டுதான் சொன்னேன், கடிந்து சொல்லவில்லை, நான் எதையும் கடிந்து சொல்கிறவள் இல்லை. மறுநாள் மாற்றிக்கொண்டு வந்தாள், வெள்ளையில் ரோஸ் பூப் போட்டது. பிடிச்சிருக்காட்டி என்றேன். எதுனாலும் சரிம்மா என்றாள். என்ன கீழ்ப்படிதலான பிள்ளை என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது, அன்றைக்கு ஜெபத்தில் நன்றி சொன்னேன். நன்றிகூடச் சொன்னேன்.

ஜெபமாலையில் எத்தனை மணி உருட்டினேன், ஏழா எட்டா. பத்துக்கு மேலே போயிருந்தால் பரவாயில்லை, குறையக்கூடாது, இன்னும் மூன்று சொல்லிக்கொள்ளலாம். வெளியே ஐஸ்காரன் மணியடித்துக்கொண்டு போகிறான். வெயில் ஜன்னல் வழியாக இறங்கித் தரையில் ஒரு பாய் மாதிரி கிடக்கிறது, இன்னும் கொஞ்ச நேரத்தில் அது எதிர்ச்சுவரில் ஏறும். இசக்கிமுத்து போகும்போது வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு சொன்னான், "யக்கா, பொண்ணு பாக்க வந்தவுக மாதிரி இப்பிடியே பாத்துக்கிட்டு இருக்காதீய, சுவரு வெக்கப்பட்டுரும்." நானும் சிரித்தேன். அவன் போனபிறகு அந்தச் சிரிப்பு முகத்திலேயே நின்றுவிட்டது, அதை இறக்கி வைக்கத் தெரியவில்லை. பெண் பார்க்க வந்தவர் சுவரைத்தான் பார்த்தார். மாப்பிள்ளை பெயர் டெரன்ஸ், அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், ஜெசி காப்பி கொண்டுவந்தபோது ஃபேனைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குப் பிடித்துப்போனதே அதுதான். எவ்வளவு அமைதியான பையன், குருமடத்துக்குப் போயிருக்க வேண்டிய பையன் என்று அடுப்படியில் ஜெசியின் அப்பாவிடம் சொன்னேன். எனக்குத் தெரிந்த நல்லது எல்லாம் பேசாததுதான். பலிபீடம் பேசாது, சுரூபம் பேசாது, கல்குகை மாதிரிக் கட்டின கெபியில் மாதா கைகூப்பி நிற்பாள், பேசமாட்டாள், அவள் முன்னால் போய் நின்றால் மனசு லேசாகும். பேசாத ஆள் நல்ல ஆள் என்று நான் நினைத்தேன். ஒரே வீட்டுக்குள் பேசாத ஒருத்தரோடு ராத்திரியும் பகலும் இருப்பது என்ன என்று எனக்குத் தெரியாது, ஜெசியின் அப்பா தூக்கத்தில்கூடப் பேசுகிறவர். அதோடு அந்த வரன் வந்த விதம். இருபத்தேழு முடிந்துவிட்டது, ஒன்றும் அமையவில்லை என்று வீட்டில் மாதாவுக்கு நவநாள் வைத்தேன், ஒன்பது நாள், மாலையில் மெழுகுதிரி ஏற்றி, ஒரு நாள் விடாமல். ஒன்பதாம் நாள் பிரார்த்தனை முடித்துத் திரியை ஊதி அணைக்கிறேன், அந்தப் புகை இன்னும் கலையவில்லை, போன் அடிக்கிறது. டெரன்ஸ் வீட்டிலிருந்து. அதற்குப் பிறகு யார் என்ன விசாரிப்பது. நான் போனை வைத்துவிட்டு முழந்தாளில் விழுந்தேன். ஜெசி வேலைவிட்டு வந்ததும் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன், "மாதா காட்டின இடம்ட்டி இது." மாதா காட்டின இடம் என்று சொன்ன பிறகு ஒரு பிள்ளை என்ன சொல்லும். மாதாவை எதிர்த்துப் பேசுமா. அவளும் அதைத்தான் சொன்னாள். எதுனாலும் சரிம்மா.

"பிள்ளைட்ட கேட்டியா அமலம்?" என்றார் ஜெசியின் அப்பா. என் பெயர் அமலோற்பவம், அவர் அமலம் என்பார். தேதி குறிப்பதற்கு முன்னால் ஒரு தடவை, பிறகு பங்குச் சாமியாரைப் பார்த்துக் கல்யாணத்துக்கு எழுதிக்கொடுக்கப் போகும்போது ஒரு தடவை. துறைமுகத்தில் முப்பது வருஷம் சத்தத்துக்குள் நின்று வேலைபார்த்த மனுஷர், எதையும் இரண்டு தடவை கேட்பார். கேட்டேன், சரின்னுட்டா என்றேன் முதல் தடவை. இரண்டாவது தடவையும் அதையேதான் சொன்னேன். நான் சொன்னது பொய் இல்லை, கேட்டேன், சரி என்றாள், வார்த்தை அப்படியே இருக்கிறது, ஆனால் வார்த்தை ஈரமாக இருக்கும்போது ஒன்று, காய்ந்தபிறகு ஒன்று. அவள் வேண்டாம் என்று சொன்ன ஒரு வார்த்தை காதில் விழுந்திருந்தால் அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே அந்த வீட்டுக்குப் போய், தப்பா நினைக்காதீங்க என்று சொல்லி முடித்துவிட்டு வந்திருப்பார். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அவர் காதுக்கு ஒன்றும் போகாமல் பார்த்துக்கொண்டேன். இரண்டு வருஷமாகிறது அவர் போய், ஒன்றும் தெரியாமலேதான் போனார். கடைசியில் ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்களே, அது இந்தப் பச்சை. இதே பச்சை. இப்போது காய்ந்த பிறகுதான் தெரிகிறது, ஈரத்தில் கொய்யா இலையின் பின்பக்கம் மாதிரி இருந்தது, இப்போது அந்தத் திரையேதான், மேலே வளையம் மட்டும்தான் இல்லை. அந்தத் திரைக்குள் வைத்து என்னிடம் ஜெசி நல்லா இருக்காளா என்றார். நல்லா இருக்கா என்றேன். அப்படியானால் சந்தனம். சந்தனம் என்றால் சவப்பெட்டிக்குள் விரித்த சாட்டின், அவர் தலைக்குக் கீழே மடிப்பு மடிப்பாக. ஒரு சுவரில் இரண்டு கலர் பூசிவைத்திருக்கிறது, இரண்டிலும் அவர்தான் படுத்திருக்கிறார். அமலம் கேட்டியா, கேட்டியா அமலம்.

இரண்டாவது இரகசியத்துக்குப் போகவில்லை, முதலாவதிலேயே நிற்கிறேன். பூங்காவனத்தில் ஆண்டவரும் கேட்டார், இது எனக்கு வேண்டாமே என்று. கேட்டாரே, அவருக்குக் கேட்கத் தெரிந்திருந்தது. என் பிள்ளைக்கும் ஒரு நாள் கேட்கத் தெரிந்திருந்தது. இந்த அறையில்தான். இப்போது நான் வாளியில் உட்கார்ந்திருக்கிற இடத்துக்குச் சற்றுத் தள்ளி, அந்தப் பிளக் பாயின்ட் பக்கத்தில், தரையில் போர்வை விரித்து நான் துணி தேய்த்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம், மறுநாள் பூசைக்கு அவர் சட்டை. எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனும் இன்னார் மகளும் மணமுடிக்க இருக்கிறார்கள், இதற்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கவேண்டும் என்று பூசை முடிவில் சாமியார் வாசிப்பார். இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. ஜெசி வந்து கதவில் சாய்ந்துகொண்டு நின்றாள். அறைக்கு ரோஸ் அடித்து நாலு நாள், பெயின்ட் வாடை போகவில்லை. "நாளைக்கு மூணாவது ஓலையாம்மா?" ஆமாட்டி. "அதை வாசிக்காம விடச் சொல்ல முடியுமா?" எனக்குக் கையிலிருந்த அயர்ன் பாக்ஸ் நின்றுவிட்டது. எதுக்குட்டி என்று கேட்டிருக்க வேண்டும். அந்த ஒரு சொல். எதுக்கு. நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள் என்று பயம். பத்திரிகை அடித்தாயிற்று, மண்டபம் சொல்லியாயிற்று, அதெல்லாம்கூட இல்லை, ஒன்பதாம் நாள் அணைத்த திரியின் புகை, அது மூக்கிலேயே இருந்தது, மாதா கொடுத்ததை எப்படித் திருப்பிக் கொடுப்பது. "பயம் எல்லாருக்கும் உண்டும்மா, எனக்கும் இருந்துச்சு, ஒரு ஜெபமாலை சொல்லிட்டுப் படு, சரியாப்போயிரும்" என்றேன். சட்டை கருகின வாடை வந்தது. "அம்மா, சட்டை" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மறுநாள் பூசையில் நான் மூன்றாவது பெஞ்சில். அவள் பாடற்குழுவில் அந்தப்பக்கம். சாமியார் பேர்களை வாசித்தார், தடை ஏதும் அறிந்தவர்கள் என்றார், கொஞ்சம் நிறுத்தினார். எல்லா ஓலைக்கும்தான் அப்படி நிறுத்துவார், மூச்சு வாங்க. அந்த மூச்சு வாங்குகிற நேரம் எவ்வளவு நீளம் தெரியுமா, நான் ஜெபமாலையின் சிலுவையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். கோவில் நிறைய ஆட்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும்.

மாதத்தில் முதல் வெள்ளிக்குப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறேன், தவறியதே இல்லை. கோபப்பட்டேன், பூசைக்குப் பிந்தி வந்தேன், பராக்குப் பார்த்தேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்வேன். இதைச் சொன்னதில்லை. இதற்குப் பேர் என்ன என்று தெரியவில்லை. எட்டாம் வகுப்புவரை படித்த எனக்கு, ஞானோபதேசத்தில் மனப்பாடம் பண்ணின பாவங்களுக்குள் இது எதில் வரும் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. பேர் தெரியாததை எப்படிச் சொல்வது, அதனால் விட்டுவிட்டேன், விட்டது விட்டபடியே உள்ளே ஓதம் ஏறிக்கொண்டு இருக்கிறது. இந்த ஊர்ச் சுவர்களுக்கு அது ஒரு சாபம், கடல்காற்று, எந்தப் பெயின்ட் அடித்தாலும் உள்ளேயிருந்து உப்புப் பூத்துத் தள்ளிவிடும். காலையில் இசக்கிமுத்து சுரண்டும்போது ரோஸ் பெரிய பெரிய சில்லாக விழுந்தது, பின்பக்கம் வெள்ளையாக மாவு ஒட்டியிருந்தது. "பாத்தீயளா, மேல பளபளன்னு இருக்கு, உள்ள ஒண்ணுமே பிடிக்கல" என்றான். கல்யாணமாகி இரண்டாவது வருஷம் அவள் ஒரு நாள் போனில், "அம்மா, அவரு எங்கிட்ட பேசி நாப்பது நாளாச்சு" என்றாள். சண்டையா என்றேன். "சண்டையெல்லாம் இல்ல, பேசமாட்டாரு, சாப்பாட்டை வச்சா சாப்பிடுவாரு, அப்புறம் தட்டு மட்டும் அங்க இருக்கும். நான் குழாயைத் திறந்துவிட்டுட்டு அதோட பேசுதேன்மா." அப்போது நான் சொன்னேன், அதைச் சொன்ன வாய் இந்த வாய்தான், இதே வாயால்தான் இப்போது மந்திரம் சொல்லிக்கொண்டு இருக்கிறேன், "நாப்பது நாள்தானட்டி, தபசு காலம்னு நெனச்சுக்கோ, ஈஸ்டர் வரும்" என்றேன். ஆறுதலுக்குத்தான் சொன்னேன். அந்தப்பக்கம் ஒரு சிரிப்புக் கேட்டது. சின்னச் சிரிப்பு. அதற்குப் பிறகு அவள் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நாலு வருஷம். எப்படி இருக்க, நல்லா இருக்கேன், சாப்பிட்டியா, சாப்பிட்டேன். நான் அதையும் நல்லபடியாக எடுத்துக்கொண்டேன், பிள்ளை பழகிவிட்டாள், ஜெபம் கேட்கப்பட்டது என்று.

வெயில் எதிர்ச்சுவரில் ஏறிவிட்டது. இரண்டும் காய்ந்துவிட்டன. எது என்று சொல்ல வேண்டும். சனிக்கிழமை அவள் இந்த வாசலில் பையோடு நிற்பாள், சுவரைப் பார்ப்பாள், நல்லா இருக்கும்மா என்பாள், பச்சையாக இருந்தாலும் அதைத்தான் சொல்வாள், சந்தனமாக இருந்தாலும் அதைத்தான் சொல்வாள், அதற்குப் பிறகு இந்தச் சுவருக்குள் உட்கார்ந்துகொண்டு குழாயோடு பேசுவாள், நான் கதவுக்கு வெளியே ஜெபமாலையோடு நிற்பேன். மணி மூன்றே முக்கால். போனை எடுத்தேன், வைத்தேன். ஜூடு திட்டுவான். எடுத்தேன்.

"என்னம்மா?" அதே தண்ணீர்ச் சத்தம் இல்லை இப்போது, எங்கேயோ மாடிப்படியில் நிற்கிறாள் போல, குரல் சுற்றுகிறது. கலர் விஷயமாத்தான்ட்டி என்றேன். "அதான் சொன்னேனேம்மா, எதுனாலும்..." "சாம்பல் அடிக்கச் சொல்லட்டா?" என்றேன். எனக்கே தெரியாது நான் அதைச் சொல்லப்போகிறேன் என்று. "என்னது?" "சாம்பல் கலரு. குடை ஒண்ணு வாங்கினியே. நான் மாத்திட்டு வரச் சொன்னேன்லா." யாரோ படியில் செருப்புச் சத்தத்தோடு இறங்கிப் போகிறார்கள், போய்ச் சேரும்வரை கேட்டேன். "அது உனக்கு ஞாபகம் இருக்காம்மா?" "இருக்கு." என் கையில் ஜெபமாலை இருந்தது, ஆனால் நான் ஒன்றும் சொல்லவில்லை, சத்தியமாக, உள்ளுக்குள்ளும் ஒன்றும் சொல்லவில்லை, காது மட்டும் வைத்திருந்தேன். "ஜெசி, சரின்னு சொல்லாத. பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லு. நான் கேக்குதேன்." "அம்மா," என்றாள். குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். மெதுவாக, ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிற மாதிரி சொன்னாள், "எனக்கு அந்த ரூம் வேண்டாம்மா. எந்தக் கலரும் வேண்டாம். அந்த ரூமுக்குள்ள என்னால வந்து படுக்க முடியாது. ஜூடு தொந்தரவு பண்ணினான்னு சரின்னுட்டேன். நான் சனிக்கிழமை வரல." மாதாவே என்று வாய்வரைக்கும் வந்தது. விழுங்கினேன். உன் நல்லதுக்குத்தான், தனியா ஒரு பொம்பளப் பிள்ள, ஊர் என்ன சொல்லும், எல்லாம் வரிசையாக வந்து தொண்டையில் நின்றன, ஒவ்வொன்றாக விழுங்கினேன். "சரி" என்றேன். "வராண்டாம்." "கோவமா?" "இல்லட்டி." "ஜூடு கத்துவான்." "நான் சொல்லிக்கிடுதேன். நீ வரலன்னு நான் சொல்லுதேன், நீ சொல்லாண்டாம்." மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. நான் வரட்டுமாட்டி, சும்மா உன்னைப் பாத்துட்டு, ஒரு மணி நேரம் இருந்துட்டுப் போறேன், என்று கேட்டேன். அவள் யோசிப்பது எனக்குக் கேட்டது. "இப்ப வேண்டாம்மா." சரிம்மா என்றேன். வைத்துவிட்டாள்.

இப்ப வேண்டாம் என்றாள். இப்ப என்று சொன்னாளா, சொன்னாள். முப்பத்து மூன்று வருஷத்தில் என் பிள்ளை எனக்குச் சொன்ன முதல் வேண்டாம், ஒரே போனில் மூன்று நான்கு, மடியில் வந்து விழுந்து கிடக்கின்றன. இதை அன்றைக்கு, அயர்ன் பாக்ஸைக் கீழே வைத்துவிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே வாங்கியிருக்கலாம். அவள் அப்பா மேசையில் காப்பி குடித்துக்கொண்டு பக்கத்து அறையில்தான் இருந்தார். கூப்பிடு தூரம். பொழுது இறங்குகிறது, அடுத்த வீட்டுப் பெண் மாடியில் சட்டைகளை எடுக்கிறாள், கிளிப்புகள் வாளியில் விழுகிற சத்தம். சுற்றி நாலு சுவரும் வெள்ளை பிரைமரில் இருக்கின்றன, புதுநன்மைப் பிள்ளைகள் மாதிரி, மூலையில் மட்டும் சுரண்ட விட்டுப்போன ரோஸ் ஒரு உள்ளங்கை அளவு. சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம், இசக்கிமுத்து வந்துவிட்டான், வெற்றிலை வாடையோடு. "என்னக்கா, எது? பச்சையா சந்தனமா? கடைக்காரன் போன் போட்டுட்டான்." "ரெண்டும் வேண்டாம்ப்பா." "இதென்ன கூத்து, ரெண்டையும் நீங்கதான எடுத்தீய. வேற எதாம் பாப்பமா?" "இப்ப வேண்டாம். அப்பிடியே இருக்கட்டும்." "வெறும் பிரைமரோட விட்டா ஓதம் ஏறிரும்க்கா, அப்புறம் என்னைச் சொல்லாதீய. பாப்பா வேற வருது." "பாப்பா வரல" என்றேன். "லீவுன்னு சொன்னதும் நிசம் இல்லப்பா. அது நான் சும்மா சொன்னது." அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிரஷ்களைப் பொறுக்க ஆரம்பித்தான், தகடு, உப்புத்தாள், டப்பா மூடி. நான் வாளியிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தேன், முட்டி பிடித்துக்கொண்டது, எழுந்திருக்க முடியாமல் அப்படியே முழந்தாளில் இறங்கிவிட்டேன், அந்தப் பிளக் பாயின்ட் பக்கத்தில். மூன்றாவது ஓலை அன்றைக்குக் கோவிலில் அவ்வளவு பேர் இருந்தார்கள். சாமியார் நிறுத்தி மூச்சு வாங்கினார். இன்னும் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறார், அவர் இன்னும் அடுத்த வரிக்குப் போகவில்லை.

"தடை உண்டு சாமி" என்றேன். "எனக்குத் தெரியும்."

இசக்கிமுத்து திரும்பிப் பார்த்தான். "யார்ட்டக்கா பேசுதீய?"

"உன்ட்ட இல்லப்பா," என்றேன்.